கடற்பாசிச் சாறும் கமக்காரரும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்வதற்கென வாங்கப்படும் கடற்பாசியை அறியாதார் சிலரே. புத்தளக் களப்பில் வளரும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அத்தகைய கூழ்ப்பொருள் கிடைக்கும். உண்ணத் தகுந்தது என்ற இந்த நற்பெயரே இன்று வேறு பல போத்தல்களையும் விற்றுக் கொடுக்கின்றது. பயிருக்கு ஊட்டமென ஒன்று. மனிதருக்கு நோயெதிர்ப்பும் நரம்பு வலுவும் தருமென இன்னொன்று. இவற்றை ஒரே தராசில் நிறுத்தல் தவறு என்பது எமது அபிப்பிராயம்.

பயிரைப் பொறுத்தவரை ஆதாரம் உண்டு. கபிலநிறப் பாசிகள் சிலவற்றில் இலமினாரின் என்னும் மாச்சத்துப் பொருள் இருக்கின்றது. பங்கசுக்களின் கலச்சுவரிலும் அதனை ஒத்த பொருளே உள்ளது. ஆகவே இலையில் அது பட்டதும் பங்கசு தாக்கிவிட்டதென மயங்கிப் பயிர் தன் காவலைத் தொடங்கிவிடுகின்றது. ஐரோப்பாவில் கோதுமையின் சாம்பல் நோய்க்கு எதிராக இதனைத் தெளிக்கின்றனர். பங்கசைக் கொல்லும் ஆற்றல் இதற்கில்லை. நோய் பரவியபின் தெளித்துப் பயன் காணல் அரிது.

எமது குருதியிலுள்ள காவற் கலங்களும் இதே பொருளை இனங்கண்டு எழுவனவே. ஆயினும், ஆய்வுகூடத்தில் கலமொன்று எழுந்ததைக் காட்டி, அருந்தியவருக்கு நோய் அணுகாதென விளம்பரஞ் செய்தல், நாற்றுமேடையில் முளை கண்டவுடன் சூட்டடிப்புக்கு நாட் குறிப்பது போன்றதாகும்.

நரம்பின் கதை இதனினும் எச்சரிக்கைக்குரியது. யப்பானில் வயிற்றுப் பூச்சிக்கு ஒரு செம்பாசியைக் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். 1953 இல் அதிலிருந்து கயினிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சித் தூண்டி நரம்புக் கலங்களை அழிக்கும் பொருள் அது எனப் பின்னர் அறியப்பட்டது. எலிகளுக்கு வலிப்பை உண்டாக்கி ஆராய்வதற்கு அதனையே இன்று பயன்படுத்துகின்றனர்! கபிலப் பாசியிலிருந்து செய்த மறதிநோய் மருந்தொன்றுக்குச் சீனா 2019 இல் நிபந்தனையுடன் அனுமதி வழங்கியது; பல நாடுகளில் நடந்த அதன் பரிசோதனையோ 2022 இல் இடையில் நிறுத்தப்பட்டது.

ஆதலின் போத்தலில் ‘கடற்பாசிச் சாறு’ என்று மட்டும் எழுதியிருந்தாற் போதாது. எவ்வினப் பாசி, எவ்வளவு நீர் சேர்க்கவேண்டும் என்பன குறிக்கப்படாத போத்தலை வாங்காதீர்கள். வாங்கியதை முதலில் ஒரு பாத்திக்குத் தெளித்து, அடுத்த பாத்தியைத் தெளிக்காது விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பயிருக்கானதை எவரும் அருந்துதல் ஆகாது. வெள்ளவத்தைக் கால்வாய் கடலோடு சேரும் பக்கத்தில் ஒதுங்கும் பாசியை மரக்கறித் தோட்டத்துக்கு அள்ளிச் செல்லவும் வேண்டாம். நகரக் கழிவுநீரிலுள்ள உலோகங்களைப் பாசி தன்னுள் ஈர்த்து வைத்துக்கொள்ளும்.