நெறி கட்டியவருக்கு மதுரையிலேயே வழி வேண்டும்

ஒத்தக்கடை நிறுத்தத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் நின்று பார்த்தால் தெரியும். மாட்டுத்தாவணியிலிருந்து வடக்கே போகும் பேருந்துக்காகக் காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் மடியில் எக்ஸ்ரே கவரும் மஞ்சப்பையும் வைத்திருப்பார். எங்கே என்று கேட்டால் வேலூர் என்பார். ஏன் என்றால், "இங்க கொடுத்த மருந்து கேட்கலைங்க" என்பார்.

நிணநீர்ப் புற்று வந்தவர் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்பது கொடுமை. கழுத்தில் நெறி கட்டும். முதலில் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. திசுவை எடுத்துச் சோதித்து நோய் உறுதியான பிறகு கீமோ தொடங்கும். அதில் ஏற்றும் வின்கிரிஸ்டின், நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. நிணநீர்ப் புற்றின் பெரிய பி செல் வகையில் பத்துப் பேரில் ஆறேழு பேர் இந்த முதல் சுற்றிலேயே தப்பிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு நோய் அடங்காது, அல்லது திரும்பி வரும். நாம் பேசுவது அவர்களுக்காக.

அவர்களுக்கான மருந்துச் சோதனை இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்று செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். சோதனையில் பலனைக் கணிக்க முடிந்த 51 பேரில் 73 சதவீதம் பேருக்கு நோய் பின்வாங்கியது. சிகிச்சையின் விளைவாகவே இருவர் இறந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது, மறைக்கவில்லை. வேலூர் சிஎம்சியோ செல்களை மருத்துவமனைக்குள்ளேயே சுமார் ஒன்பது நாளில் தயாரித்துப் பத்துப் பேருக்குக் கொடுத்தது. அவர்களில் நான்கு பேருக்கு நிணநீர்ப் புற்று. இரண்டு பேருக்குப் பலித்தது. கைவிடப்பட்ட நான்கு பேரில் இருவர் என்பது சின்ன எண் அல்ல.

"நம்மள வச்சுச் சோதிக்கிறாங்க" என்ற பயம் மக்களிடம் இருக்கிறது. அது நியாயமான பயம். இந்த நாட்டில் ஏழைகளிடம் ஒன்றும் சொல்லாமல் கைநாட்டு வாங்கிய காலம் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் கடிவாளம் விழுந்தது. 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி முன்னால்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் ஒப்புதல் படிவத்தின் தமிழ் யாருக்குப் புரிகிறது? மேலூர் பக்கத்து விவசாயிக்குப் புரியும் தமிழில் அதை எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒரு ராத்திரி வீட்டாரோடு யோசிக்க அவகாசம் தர வேண்டும். பயத்தைப் போக்க வேறு வழியில்லை.

நெக்ஸ்கார்19இன் விலை 40 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. முதலமைச்சர் காப்பீடு தருவது 5 லட்சம் வரை. எட்டில் ஒரு பங்கு. ஆகவே நம் ஊர்க்காரருக்குச் சோதனையில் சேர்வதே இத்தகைய சிகிச்சையைத் தொடுவதற்கான ஒரே வழியாக இருக்கலாம். அந்த வாசலும் 400 கிலோமீட்டர் தள்ளி வேலூரில் இருக்கிறது. செல் ஏற்றிய பின் ஒரு மாதம் வரை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டியிருக்கும். நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் அந்த மாதம் கூலி கிடையாது. லாட்ஜ் வாடகை, சாப்பாடு தனி.

மதுரையில் நாளைக்கே செல் ஆய்வகம் கட்டச் சொல்லவில்லை. பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மையம் இருக்கிறது, பெரியாஸ்பத்திரி இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எப்கோரிடமாப், குளோஃபிட்டமாப் போன்ற இதே நோய்க்கான மருந்துகள் ஊசியாகவும் டிரிப்பாகவும் ஏற்றுபவை. அவற்றுக்குச் செல் ஆய்வகமே தேவையில்லை. இந்த வகை மருந்துகளின் சோதனைகளைத் தென் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு வரவழைக்கும் பொறுப்பை மாநில அரசு ஏற்க வேண்டும். வேலூரில் செல் சோதனைக்குத் தகுதியானவரைப் பாலரெங்காபுரத்திலேயே கண்டறிந்து அனுப்பி, திரும்பி வந்தபின் இங்கேயே கவனிக்க வேண்டும். பயணச் செலவு, தங்கும் செலவு, ஒரு மாதக் கூலி மூன்றையும் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

முதல் வேலையாக, பாலரெங்காபுரம் வெளிநோயாளர் பிரிவில் ஒரு மேசை போடலாம். எந்த ஊரில் எந்தச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தேசியப் பதிவேட்டைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஒருவர் அங்கே உட்காரட்டும். எக்ஸ்ரே கவரோடு வருபவர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பஸ் ஏறட்டும்.