ஜப்பானுக்கு ஒரு ஜோடி டிக்கெட்

ஜப்பானுக்குப் போவதென்று தம்பதிகள் இருவரும் தீர்மானித்துவிட்டீர்களா? பேஷ்! அடுத்தாற்போல் உங்கள் வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா?

வீட்டுக்காரர் தேசப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு டோக்கியோ, நிக்கோ, கானஸாவா, கியோட்டோ, ஒஸாகா, ஹிரோஷிமா என்று பத்தே நாளில் ஆறு ஊர்களுக்குக் கோடு இழுப்பார். "சாப்பாட்டுக்கு?" என்பீர்கள் நீங்கள். "போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்பார் அவர். "பரவாயில்லை, எனக்கு ரொட்டியும் வாழைப்பழமும் போதும்" என்று நீங்களும் சொல்லிவிடுவீர்கள்.

அந்தப் 'பரவாயில்லை'யில்தான் ஆபத்து இருக்கிறது! உணவுக்குப் பேர்போன ஒரு தேசத்தில் ஒருவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மற்றவர் குற்றமுள்ள மனத்தோடு விருந்து சாப்பிடுவதா? ஐந்தாம் நாள் அது வேறு ரூபத்தில் வெடிக்கும். ஆகவே முதலில் சாப்பாட்டைத் திட்டம் போடுங்கள். ஊர்கள் தாமாக அமையும்.

ஜப்பானியச் சமையலின் உயிர் 'தாஷி' என்னும் சாறு. நம் வீட்டில் புளிக்கரைசல் எப்படியோ, அங்கே தாஷி அப்படி. கொம்பு என்ற கடற்பாசியையும், புகை போட்டு உலர்த்திய சூரை மீனைச் சீவிய துருவலையும் வெந்நீரில் ஊறவைத்து இறுத்தால் தாஷி. நம் கடற்கரை ஊர்களில் மாசிக் கருவாடு என்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் அந்த மீன். மிஸோ சூப், நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, வெந்த கீரை எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பரிமாறுகிறவர் மிக மரியாதையாகத் தலை குனிந்து, மீன் சாறில் வெந்த காய்கறியைக் கொண்டு வந்து வைப்பார். அவர் மேல் தப்பில்லை. மாமிசம், மீன், மீன் போட்ட தாஷி மூன்றும் ஆகாது என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். அதைக் காட்டினால் போதும்.

சரி, ஊர்களுக்கு வருவோம். பத்து இரவுகள் என்றால் டோக்கியோவில் நாலு, கியோட்டோவில் நாலு, கோயாஸான் மலையில் ஒன்று, ஒஸாகாவில் ஒன்று. டோக்கியோவில் இறங்கி, ஒஸாகா பக்கத்துக் கன்ஸாய் விமான நிலையத்தில் திரும்பி ஏறும்படி டிக்கெட் எடுங்கள். வந்த வழியே மறுபடி டோக்கியோவுக்கு ஓட வேண்டாம்.

டோக்கியோவில் சைவ ஹோட்டல்களும் இந்திய ஹோட்டல்களும் நிறைய உண்டு. பழகிக் கொள்ள ஏற்ற ஊர். ஒரு நாள் காலை மட்டும் இருவரும் பிரிந்து போனால் மோசமில்லை. மொத்த வியாபாரம் 2018-ல் டொயோஸுவுக்கு மாறிவிட்டாலும், ஸுகிஜி வெளிச்சந்தை இன்னும் கலகலப்பாக இருக்கிறது. மீன் பிரியரை அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் கப்பாபாஷித் தெருவுக்குப் போங்கள். தெரு முழுக்கச் சமையல் பாத்திரம், கத்தி, அரக்குப் பூச்சுக் கிண்ணம்! மாலையில் கின்ஸாவில் கபுகி நாடகம். முழு நாடகமும் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே ஓர் அங்கத்துக்குத் தனி டிக்கெட் உண்டு.

ஷிஞ்ஜுகுவில் நகமுராயா என்ற கடை. வங்காளப் புரட்சி வீரர் ராஷ் பிஹாரி போஸ் 1915-ல் தலைமறைவாக இருந்தது அங்கேதான். கடைக்காரரின் மகள் தோஷிகோவை 1918-ல் மணந்தார். 1925-ல் அந்தப் பெண் இறந்துபோனாள். 1927-ல் கடைக்காரர்கள் சாப்பாட்டுக் கூடம் திறந்தபோது, மாப்பிள்ளையின் யோசனைப்படி இந்தியக் கோழிக் குழம்பும் சோறும் பரிமாறினார்கள். இன்றும் அது விற்பனையாகிறது. சாப்பிடாவிட்டாலும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, 1964-ல் ஓடத் தொடங்கிய ஷின்கான்ஸென் ரயில். இப்போது இரண்டேகால் மணி நேரம்தான். ஒரு பக்கம் மூன்று ஆசனம், மறு பக்கம் இரண்டு. இரட்டை ஆசனப் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் ஃபூஜி மலை தெரியும். ஒரு வாரத்து ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. ஒரு வழிக் கட்டணமோ சுமார் 14,000 யென். ஊர்களைக் குறைத்தவர்களுக்குப் பாஸ் தேவையே இல்லை!

கியோட்டோ 794 முதல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகர். நன்ஸென்ஜி கோயிலருகே 'யுடோஃபு' என்று வெந்நீரில் மிதக்கும் சோயாத் தயிர்க்கட்டி தருவார்கள். பானையில் பெரும்பாலும் கடற்பாசிதான் இருக்கும். தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள். ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வாயில்களைப் பார்க்க விடியற்காலையில் போங்கள். கியோன் தெருவில் அலங்காரத்தோடு போகும் மைகோ பெண்களை வழிமறித்துப் படமெடுக்காதீர்கள். பிறர் செய்த தொல்லை பொறுக்காமல் 2024-ல் சில சந்துகளையே பிரயாணிகளுக்கு மூடிவிட்டார்கள்.

ஒரு நாள் நாராவுக்குப் போய் வரலாம். அங்கே தோதாய்ஜி கோயிலின் மகா புத்தருக்கு 752-ல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

மூட்டை முடிச்சுகளை அங்கிருந்தே 'தக்யுபின்' கூரியரில் நேரே ஒஸாகா ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு சிறு பையோடு கோயாஸானுக்கு ஏறுங்கள். 816-ல் கூக்காய் என்ற மகான் தொடங்கிய தலம் அது. ஐம்பது சொச்சம் கோயில்கள் பிரயாணிகளுக்குத் தங்க இடம் கொடுக்கின்றன. அங்கே துறவிகளின் சமையல் 'ஷோஜின்': மீனில்லை, மாமிசமில்லை, வெங்காயமும் பூண்டும் கூட இல்லை! நம் பாட்டிமார் ஆசாரத்தை யாரோ மலையுச்சியில் காப்பாற்றி வைத்திருப்பது போலத் தோன்றும். பத்து நாளும் "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேட்டுக் கொண்டிருந்தவர், இந்த ஒரு இராத்திரி கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். மீன் பிரியரும் ஒரு வேளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடட்டுமே!

மறுநாள் ஒஸாகாவில் அவர் முறை. கியோட்டோக்காரன் உடுத்தியே ஓட்டாண்டி ஆவான், ஒஸாகாக்காரன் தின்றே ஓட்டாண்டி ஆவான் என்பது அந்த ஊர்ப் பழமொழி. தோதொன்போரியில் ஆக்டோபஸ் உருண்டை மணக்கும். அவர் ஆசை தீரச் சாப்பிடட்டும்.

பொதுவாகச் சில வார்த்தைகள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. இனாம் கொடுக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றுக் குளியலில் ஆண், பெண் தனித்தனி; உடையின்றித்தான் இறங்க வேண்டும். கூச்சமுள்ளவர்கள் தனி அறைக் குளியல் உள்ள விடுதியாக முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே முதல் வாரம் வரை ஜப்பானே ஊர் சுற்றும், அப்போது போகாதீர்கள்.

இன்று இரவே சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு காகிதம் எடுத்து, தவறவே கூடாத மூன்று விஷயங்களைத் தனித்தனியே எழுதி மாற்றிக் கொள்ளுங்கள். 'உங்கள் இஷ்டம்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஃபூஜி தெரியும் ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதையும் அப்போதே பேசித் தீர்த்துக் கொள்வது நல்லது. அதில் நான் தலையிட மாட்டேன்!