மொட்டை மாடி வேண்டாம்

பிறந்தநாள் பரிசாக வந்த குட்டி டிரோனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நம்மவர்கள் நேராக ஏறுவது மொட்டை மாடிக்குத்தான். அதைவிட மோசமான இடம் கிடையாது. சுற்றிலும் கேபிள் ஒயர், தண்ணீர்த் தொட்டி. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் தெரு. 100 கிராம்கூடத் தேறாத பொம்மையைச் சின்னக் காற்றே பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிடும். காற்றில்லாத காலையில் காலி மைதானம், புல்தரை, அது போதும். பறக்கவிடும் முன் இறக்கைகளைப் பாருங்கள். நான்கில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. பல மாடல்களில் ஏ, பி என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். இடம் மாற்றி மாட்டினால் எழும்பாமல் குப்புறக் கவிழும்; உடனே கடைக்காரரைத் திட்டக் கிளம்புவோம். சமதளத்தில் வைத்துச் சென்சாரைச் சீராக்காவிட்டால் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடுவதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவின் 2021 டிரோன் விதிகள்படி 250 கிராம் வரையிலான நானோ வகையை இயக்க உரிமம் தேவையில்லை. அந்தச் சலுகை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிய, பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலம் அந்தப் பொம்மைக்கும் சேர்த்துத்தான் என்பது ஞாபகம் இருப்பதில்லை. விற்பவர்களாவது அதைப் பெட்டி மேல் அச்சிட்டுத் தரலாம்.