இறைவனின் தாய்: யாரைப் பற்றிய திருப்பெயர்?



சில ஆண்டுகளுக்கு முன்னர், உறவினர் ஒருவர் இறந்த 31ஆம் நாள் நினைவுச் செபத்திற்காக அவருடைய இல்லத்தில் கூடியிருந்தோம். செபமாலை நிறைவுற்று, தேநீர் வழங்கிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் பெறாமகனாகிய இளைஞர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். சிறுவயதில் என்னிடம் மறைக்கல்வி கற்றவர். அந்நாட்களில் வேறொரு கிறிஸ்தவ சபையின் வழிபாடுகளுக்குச் சென்றுவந்தார். அவர் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்:

“சேர், கடவுளுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்று நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள். அப்படியானால் அவருக்குத் தாய் எப்படி இருக்க முடியும்? இப்போது நாம் மரியாளை ‘இறைவனின் தாயே’ என்று ஐம்பது தடவைக்கு மேல் அழைத்தோமே, அது சரிதானா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆயினும் நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், செத்த வீட்டில் வந்திருந்து மாதாவைப் பழிக்கிறாயா என்று அதட்டிவிட்டார். நானும், “பிறகு பேசுவோம் தம்பி” என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. அதன்பின் அவர் அந்த வீட்டுச் செபங்களுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

இந்நிகழ்வு என் மனத்தில் இன்றும் முள்ளாய் உறுத்துகின்றது. அவர் கேட்டது பழிச்சொல் அன்று. திருச்சபையே தன் உள்ளத்தைத் தொட்டுக் கேட்டு, விடை கண்டு, அந்த விடையைத் தன் செபத்தில் பொதிந்து வைத்த கேள்வி அது. நம் முன்னோர் ‘சர்வேசுரனுடைய மாதாவே’ என்று செபித்தனர். நாம் ‘இறைவனின் தாயே’ என்று செபிக்கின்றோம். ஒரு செபமாலையில் 53 முறை நம் நாவில் வரும் இத்திருப்பெயரின் பொருளை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்குத் தெரியவில்லையெனில், குறை கேள்வி கேட்பவரிடம் இல்லை, நம்மிடமே உள்ளது.

இத்திருப்பெயரின் வரலாறு கிரேக்க மொழியில் தொடங்குகின்றது. ‘தெயோதோக்கோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் ‘கடவுளைப் பெற்றெடுத்தவர்’ என்பது நேர்ப்பொருள். கி.பி. 324ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாண்டர் இச்சொல்லைத் தமது மடலில் கையாண்டுள்ளார். அந்த நூற்றாண்டில் இறைமக்களின் செபங்களிலும் ஆயர்களின் எழுத்துகளிலும் இது நன்கு வேரூன்றியது.

கி.பி. 428இல் கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயராகப் பொறுப்பேற்ற நெஸ்தோரியுஸ் இச்சொல்லைக் குறித்துத் தயங்கினார். கடவுளுக்குத் தொடக்கம் இல்லையே, பின்னர் ஒரு பெண் அவரைப் பெற்றெடுப்பது எங்ஙனம் என்பதே அவருடைய தயக்கம். மரியாளை மக்கள் ஒரு பெண் தெய்வமாக எண்ணிவிடுவார்களோ என்றும் அவர் அஞ்சினார். எனவே ‘கிறிஸ்துவைப் பெற்றெடுத்தவர்’ என்று அழைப்பதே பொருத்தமானது என்றார். அன்று செபவீட்டில் அந்த இளைஞர் கேட்டதும் ஏறத்தாழ இதுவே அல்லவா? 1,600 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பேராலயத்தின் ஆயரே கேட்ட கேள்வியை நம் வீட்டுப் பிள்ளை கேட்டதற்காக நாம் ஏன் சினங்கொள்ள வேண்டும்?

நெஸ்தோரியுசுக்கு மறுமொழி கூறியவர் அலெக்சாந்திரியாவின் ஆயரான புனித சிறில். அவர் எகிப்து நாட்டுத் துறவிகளுக்கு எழுதிய மடலில் நாம் எல்லோரும் அறிந்த ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு தாய் தன் குழந்தையின் ஆன்மாவைப் படைப்பதில்லை. ஆன்மா இறைவனின் கொடை. அவளுடைய உதிரத்திலிருந்து உருவாவது உடல். ஆயினும் அவளை அக்குழந்தையின் ‘உடலுக்குத் தாய்’ என்று எவரும் அழைப்பதில்லை. முழு மனிதருக்கும் அவளே தாய். தாய் பெற்றெடுப்பது ஓர் ஆளை. ஆளின் ஒரு பகுதியை அன்று.

அவ்வாறே மரியாளிடமிருந்து பிறந்தவர் யார் என்று கேட்க வேண்டும். கடவுள் ஒருவர், இயேசு என்னும் மனிதர் இன்னொருவர் என்று இருவர் அங்கு இல்லை. காலங்களுக்கு முன்னரே தந்தையோடு இருந்த வாக்கானவரே மனிதரானார் என்று யோவான் நற்செய்தி அறிவிக்கின்றது (யோவா 1:14). காலம் நிறைவேறியபோது இறைவனின் மகன் பெண்ணிடமிருந்து பிறந்தார் என்று புனித பவுல் எழுதுகின்றார் (கலா 4:4). எலிசபெத்தும் தம் இல்லத்து வாசலில் நின்ற மரியாளைத் தம் ஆண்டவரின் தாய் என்றே வரவேற்றார் (லூக் 1:43). பிறந்தவர் கடவுளாகிய ஒருவரே எனில், பெற்றவர் கடவுளின் தாய். அவர் இறைத்தன்மைக்குத் தொடக்கம் கொடுத்தவர் அல்லர். தொடக்கமில்லாத இறைமகனுக்குத் தம் உதிரத்திலிருந்து மனித இயல்பை அளித்தவர்.

இவ்விடயத்தைத் தீர்ப்பதற்காகப் பேரரசர் 2ஆம் தெயோதோசியு கூட்டிய பொதுச்சங்கம், கி.பி. 431 ஜூன் 22ஆம் திகதி எபேசு நகரில், மரியாளின் பெயரால் அழைக்கப்பட்ட ஆலயத்தில் தொடங்கியது. சிறிலின் மடல் வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நெஸ்தோரியுஸ் பதவி நீக்கப்பட்டார். காலைமுதல் காத்துநின்ற நகர மக்கள், மாலையில் வெளியே வந்த ஆயர்களைத் தீப்பந்தங்கள் ஏந்தி அவர்களுடைய தங்குமிடங்கள்வரை அழைத்துச் சென்றனர்.

இவ்வெற்றிக் காட்சியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது நேர்மையாகாது. அந்தியோக்கியாவின் ஆயர் யோவானும் அவருடன் பயணஞ்செய்த கீழைநாட்டு ஆயர்களும் வந்துசேர்வதற்கு முன்னரே சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. சில நாட்களின் பின் வந்த அவர்கள் தனியே கூடி, சிறிலையே பதவி நீக்குவதாக அறிவித்தார்கள். அன்னையின் திருப்பெயரைக் குறித்துப் பேசவந்த ஆயர்கள் ஒருவரையொருவர் விலக்கிவைத்த சோகமும் அதே நகரில்தான் நிகழ்ந்தது. கி.பி. 433இல் சிறிலும் யோவானும் பொறுமையுடன் மடல்கள் எழுதி, ஒரே விசுவாச உரையை ஏற்று ஒன்றுபட்டனர். அவ்வுரையிலும் ‘இறைவனின் தாய்’ என்னும் திருப்பெயர் இடம்பெற்றது. கி.பி. 451இல் கூடிய கல்செதோன் சங்கமும் அதனை மீண்டும் உறுதிசெய்தது.

ஆகவே இத்திருப்பெயர் முதன்மையாக யாரைப் பற்றியது? மரியாளை உயர்த்துவதற்காகவே வழங்கப்பட்ட பட்டம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். மெய்யாகவே இது அவருடைய மகனைப் பற்றிய விசுவாச அறிக்கை. மடியில் கிடக்கும் குழந்தை உண்மையாகவே கடவுள் என்று சொல்வதற்கே திருச்சபை அத்தாயைக் கடவுளின் தாய் என்றது. இதனை நீக்கிவிட்டால் நாம் இழப்பது மாதாவுக்குரிய மரியாதையை மட்டுமன்று. மரியாளிடம் பிறந்தவர் கடவுள் இல்லையெனில், சிலுவையில் இறந்தவரும் கடவுள் இல்லை. அப்படியானால் கடவுள் நம் பசியை அறிந்தவர் அல்லர். நம் சாவைச் சுவைத்தவர் அல்லர். இலாசரின் கல்லறையருகே நின்று கண்ணீர் விட்டவரும் அல்லர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இத்தனை பேர் வாழும் நம் நாட்டில், கடவுளுக்கும் ஒரு தாய் இருந்தார், அவரும் தம் மகனின் சிலுவையடியில் நின்றார் என்று சொல்ல முடிவது எத்துணை ஆறுதல்! செத்த வீடுகளில் நாம் செபமாலை சொல்வதன் ஆழ்ந்த காரணமும் இதுவே.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். மரியாளுக்குச் சூட்டப்படும் எல்லாப் பெயர்களையும் திருச்சபை ஒரே தராசில் வைத்து ஏற்றுக்கொள்வதில்லை. கடந்த 2025 நவம்பர் 4ஆம் திகதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட குறிப்பில், ‘இணை மீட்பர்’ என்னும் பட்டத்தை அன்னைக்குப் பயன்படுத்துவது பொருத்தமன்று என்று கூறப்பட்டது. கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்னும் உண்மை அதனால் மறைக்கப்படக்கூடும் என்பதே காரணம். சிலர் இதனால் மனம் வருந்தினர். ஆயினும் எபேசு சங்கத்தின் அளவுகோலே இங்கும் பின்பற்றப்பட்டுள்ளது. எப்பெயர் மகனைத் தெளிவாகக் காட்டுகின்றதோ அதனைத் திருச்சபை காத்துநிற்கும். எப்பெயர் மகனை மறைக்கக்கூடுமோ அதனைத் தவிர்க்கும். கானாவூர்த் திருமணத்தில் பணியாளரைத் தம் மகனிடமே அனுப்பிவைத்த அன்னை (யோவா 2:5) வேறெதனை விரும்புவார்?

இத்திருப்பெயரைப் பிற கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு எதிரான ஆயுதமாக ஏந்துவதும் தவறு. சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே மரியாளைக் கடவுளின் தாய் என்று ஏற்றவர் என்பதை நம்மிலும் பலர் அறியார். நம்மிடம் கேள்வி கேட்போரிலும் பலர் அறியார். மேலும், எபேசு சங்கத்தை ஏற்காமலே 15 நூற்றாண்டுகளைக் கடந்த அசீரியக் கீழைத் திருச்சபையின் தலைவர் 4ஆம் மார் டிங்காவும் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுலும் 1994 நவம்பர் 11ஆம் திகதி கூட்டு அறிக்கையொன்றில் கையொப்பமிட்டனர். அவர்கள் மரியாளை ‘நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்’ என்கின்றனர். நாம் ‘கடவுளின் தாய்’ என்கின்றோம். இவ்விரு வழக்குகளும் ஒரே விசுவாசத்தின் முறையான வெளிப்பாடுகள் என்று அவ்வறிக்கை ஏற்றுக்கொண்டது. ஒருவர் மற்றவரின் சொல்லைப் பொறுமையோடு கேட்டபோது, அச்சொல்லுக்குள் தம் சொந்த விசுவாசத்தையே கண்டனர். இத்தனை நூற்றாண்டுப் பிளவில் திருத்தந்தையால் கேட்க முடிந்ததை, ஒரே குடும்பத்தில் நம்மால் கேட்க முடியாதா?

அன்பான பெற்றோரே, ஒவ்வோர் ஆண்டும் சனவரி 1ஆம் திகதி நாம் குடும்பமாகப் புத்தாடை அணிந்து ஆலயத்திற்குச் செல்கின்றோம். புதுவருடத் திருப்பலி என்றே அதனை அழைக்கின்றோம். ஆனால் அந்நாள் ‘மரியாள் இறைவனின் தாய்’ என்னும் பெருவிழா என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று வீடு திரும்பியதும் ஐந்து நிமிடங்கள் ஒதுக்கி, இப்பெயர் எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என்று அவர்களுக்கு விளக்குங்கள். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிடில், “எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். அதட்டலால் மாதாவின் மாண்பு காக்கப்படுவதில்லை. அது பிள்ளையைச் செபவீட்டிலிருந்து வெளியே அனுப்பிவிடுகின்றது.

நான் தள்ளிப்போட்ட அந்த உரையாடல் இன்னும் எனக்குக் கடனாகவே நிற்கின்றது. இதனை எழுதி முடித்ததும் அந்த இளைஞரின் வீட்டிற்குச் செல்ல எண்ணியுள்ளேன். அவரை வாதத்தில் வெல்வதற்காக அன்று. அன்று நான் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கும், அவர் சொல்வதைக் கேட்பதற்குமே.

அடுத்த முறை செபமாலையைக் கையில் எடுக்கும்போது, ‘இறைவனின் தாயே’ என்னும் இடத்தில் ஒரு கணம் நிதானிப்போம். அத்தாயின் கரங்களில் இருப்பவரை நோக்குவோம். மனிதராகிய இறைவன் நம் இல்லங்களில் பிரிந்திருப்போரை ஒன்றுசேர்ப்பாராக.