ஜிப்ஸிக்கு வேற இன்ஜின்... வண்டி ஏத்துக்கும், ஆர்.சி ஏத்துக்குமா?

செகண்ட் ஹேண்ட் கார் ஆப்ஸ்ல ஜிப்ஸி தேடிப் பார்த்திருக்கீங்களா? 'இன்ஜின் மாத்தியாச்சு, சூப்பர் கண்டிஷன்' என்று ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால், நீங்கள் உஷாராக வேண்டிய இடமே அதுதான். "ஆர்.சி-யில ஏத்தியாச்சாண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம்.

1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி, 2019-ல் விடைபெற்றது. இன்று ஓடும் ஜிப்ஸிகளில் பல, காலேஜ் படிக்கும் உங்களைவிட வயதில் மூத்தவை. இன்ஜின் தேய்ந்துவிட்டால் ஷோரூமில் போய்ப் புதுசு கேட்க முடியாது. அப்போதுதான் புதுப்பேட்டை பக்கம் வண்டி திரும்புகிறது.

அங்கே முதலில் கேட்கும் பெயர், எஸ்டீம். காரணம் இருக்கிறது. முதல் ஜிப்ஸியில் இருந்தது 970 சிசி இன்ஜின். 1996-ல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1,298 சிசி. அதே ஜி13 குடும்பத்து இன்ஜின்தான் எஸ்டீமிலும். சொந்தக்காரப் பொருத்தம்! ஆனால் அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டும். ஜிப்ஸியில் நெடுக்காக உட்காரும். அதனால் ஆயில் சம்ப், மவுன்ட் என நிறைய வேலை இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு எம்.பி.எஃப்.ஐ இன்ஜின் என்றால் இ.சி.யு, வயரிங், சென்சார், டேங்கில் வேறு ஃப்யூல் பம்ப் எல்லாம் கூடவே வரணும். கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் போல்ட் துளைகள் உட்காருகிறதா என்று வைத்துப் பார்க்காமல் முழுப் பணத்தையும் நீட்டிவிடாதீர்கள்.

இதெல்லாம் நல்ல மெக்கானிக் கிடைத்தால் தீர்ந்துவிடும். காகிதம்தான் தீராது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும். அனுமதி வாங்கி மாற்றிய பிறகு, 14 நாள்களுக்குள் தெரிவித்து ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். கம்பெனி சொன்ன ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விதியை மீறி மாற்றம் செய்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்கிறது பிரிவு 182ஏ.

'டீசல் ஏத்திடலாம் மச்சி, மைலேஜ் அள்ளும்' என்று ஒரு நண்பர் எல்லாருக்கும் இருப்பார். கனமான டீசல் இன்ஜினை அந்த முன்பக்க ஸ்பிரிங்கும் பிரேக்கும் தாங்குமா என்பது ஒருபக்கம். எரிபொருள் மாற்றத்தை அங்கீகரிக்கப்பட்ட கன்வெர்ஷன் கிட் வழியாகத்தான் சட்டம் அனுமதிக்கிறது. யார்டில் வாங்கிய டீசல் இன்ஜின் 'கிட்' ஆகாது. வேடிக்கை என்னவென்றால், பேட்டரிக்கு மாற அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் டெல்லியில் நம் ராணுவமே மின்சார ஜிப்ஸி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. ஆக, பழைய வண்டி முழுசாக மின்சாரத்துக்கு மாறுவதற்குச் சட்டம் வாசலைத் திறக்கிறது. அதைப் பெட்ரோலிலேயே உயிரோடு வைத்திருக்க நினைப்பவர்தான் அலைகிறார். எந்த மாடலுக்கு எந்த மாற்று இன்ஜின் செல்லும் என்று ஒரு பட்டியலைப் போக்குவரத்துத் துறை போட்டால் பாதிப் பேர் நேர்வழியிலேயே வருவார்கள் என்று தோன்றுகிறது.

'யார் பார்க்கப் போறாங்க?' என்றால், 15 வருடம் தாண்டிய வண்டியை ஆர்.சி புதுப்பிக்கக் கொண்டு போகும்போது பார்ப்பார்கள். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு கட்டியும் இன்ஜின் நம்பர் ஒத்துவராவிட்டால் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

அதனால் இன்ஜின் தேடும் முன், உங்கள் பழைய இன்ஜினுக்கு உண்மையிலேயே ஆயுள் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பிளாக்கில் விரிசல் இல்லையென்றால் ரீபோர் போட்டு, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், ரிங் மாற்றினால் அதே நம்பரோடு ஓடும். செலவு அதிகம்தான், நல்ல லேத் பட்டறையில் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஆர்.சி-யில் ஓர் எழுத்துகூட மாறாது. 'ஹாஃப் இன்ஜின்' வாங்குவது அப்படியில்லை, நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது.

பிளாக் போயே போச்சு என்றால், அதே மாடல், அதே சிசி, அதே எரிபொருள் இன்ஜினைத் தேடுங்கள். பில்லும், எந்த வண்டியிலிருந்து கழற்றியதோ அதன் ஆர்.சி நகலும் கேளுங்கள். இல்லையென்றால் திருட்டு இன்ஜினாக இருந்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கள் அலைய நேரிடலாம்.

இன்ஜின் மாற்றிய வண்டியை வாங்கப் போகிறவர்கள், மொபைல் டார்ச்சைப் போட்டு பிளாக்கில் பொறித்த நம்பரை ஆர்.சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்பார் விற்பவர். ஆர்.சி-யில் ஏற்றி அவரே கையில் கொடுக்கட்டும், அதன் பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசலாம்.