ஏற்காட்டுத் துரைகளும் கடல் கடந்த தமிழரும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த நாட்டைவிட்டுச் செல்வோர் எல்லாத் தேசங்களிலும் எல்லாக் காலங்களிலும் இருந்திருக்கிறார்கள். அவ்விதம் செல்கிறவன் மனைவி மக்களோடு செல்கிறானா, அவர்களைப் பிரிந்து தனியே செல்கிறானா என்பது அவனவன் சொந்த விஷயம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. அயல்நாட்டில் குடும்பம் நடத்தும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பது முற்றிலும் ராஜீய விஷயமாகும். இதற்குத் தொலைவில் சாட்சி தேட வேண்டுவதில்லை. சேலம் ஜில்லாவிலுள்ள சேர்வராயன் மலையே போதும்.

சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அம்மலையில் காபிப் பயிரைப் புகுத்தினார். அவருக்குப் பின் தோட்டக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களும் ஏற்காட்டில் குடியேறினார்கள். மலையாளிகள் என வழங்கும் மலைக்குடிகள் சேர்வராயனை வழிபட்டு வாழ்ந்துவந்த காட்டினிடையே பங்களாக்களும் மாதாகோவில்களும் எழும்பின. சுமார் 5,000 அடி உயரத்தில், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அப்பால், தங்கள் தேசத்தின் சாயலை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். ஆளும் ஜாதியாரானபடியால், மனைவி மக்களை அழைத்துவர நம் ஜனங்களிடம் அவர்கள் அநுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் வாழ்வில் துயரமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. நீராவிக் கப்பல் வருமுன், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஒரு கடிதம் வந்துசேர நாலைந்து மாதம் சென்றது. குழந்தைகள் ஏழெட்டு வயதை எட்டியதும் தேக சௌக்கியத்தை முன்னிட்டும் படிப்பை முன்னிட்டும் சீமைக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது. பம்பாயில் பிறந்த கிப்ளிங் என்னும் ஆசிரியர், 1871-இல், ஆறு வயது நிரம்புமுன்பே இங்கிலாந்தில் அந்நியர் வீட்டில் விடப்பட்டார். சாம்ராஜ்யத்தைப் புகழ்ந்து எழுதிய அவரும் அந்தப் பிரிவின் கொடுமையைக் கடைசிவரை மறக்கவில்லை. சீமைக்கு அனுப்ப வசதியற்றவர்களின் பிள்ளைகளுக்காக மலைவாசஸ்தலங்களில் பள்ளிக்கூடங்கள் பெருகின. ஏற்காட்டில் 1917-இல் தோன்றிய மான்ட்போர்ட் பள்ளி இன்றும் நடந்துவருகிறது.

சந்தோஷமும் அவர்களுக்கு உண்டு. பெர்சிவல் பாதிரியாரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் பைபிளைத் தமிழாக்கியவர் அவர். 1855-இல் சென்னையில் 'தினவர்த்தமானி' என்ற பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டு, 1882-இல் ஏற்காட்டில் காலமானார். அவருடைய மகளை மணந்த புரூஸ் பூட், 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து நம் நாட்டின் தொன்மையை உலகுக்குக் காட்டினார். ஓய்வு பெற்றபின் அவரும் ஏற்காட்டையே வீடாகக் கொண்டார். அயல்நாடு ஒருவனுக்குச் சொந்த நாடாக மாறுவது எப்போது? வீடும் குடும்பமும் அங்கே வேரூன்றும்போதுதான் என்பதை இவ்விருவர் வாழ்க்கையும் காட்டுகின்றன.

இனி, கூலிக்காகக் கடல் கடந்த நம்மவர் கதையைப் பார்ப்போம். சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் நம் ஜனங்களை இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு லயத்தில் ஓர் அறை. அந்த ஓரறையிலேயே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. பிறகு 1948-இல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அண்ணன் ஒரு தேசத்திலும் தங்கை மற்றொரு தேசத்திலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. அவர்களில் யாரை யார் கேட்டார்கள்?

இன்று காலம் மாறிவிட்டதென்று சொல்வார்கள். பாதி உண்மை. வளைகுடா நாடுகளில் உயர்ந்த சம்பளம் பெறும் தமிழர் மனைவி மக்களோடு வாழ்கிறார்கள். சிலருடைய பிள்ளைகள் ஏற்காட்டு விடுதிகளிலேயே படிக்கிறார்கள். ஆனால் கட்டிடம் கட்டுகிறவனுக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கும் குடும்ப விசா என்பது எட்டாக் கனி. குறித்த அளவு சம்பளமில்லாதவன் மனைவியை வரவழைக்க முடியாது. பலர் நெருங்கிப் படுக்கும் முகாம் அறையே அவன் வீடு. மகள் நடக்கத் தொடங்கியதையும் பள்ளியில் பரிசு பெற்றதையும் கைபேசித் திரையில் கண்டு மகிழ்கிறான். தாயின் ஈமச்சடங்கையும் அதே திரையில் கண்டு அழுகிறான். கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த துரைக்குக்கூட மாலையில் திரும்பிச் செல்லக் குடும்பமுள்ள ஒரு வீடு இருந்தது!

ஐக்கிய நாடுகள் சபை 1990-இல், அயல்நாட்டுத் தொழிலாளரையும் அவர்கள் குடும்பத்தாரையும் பாதுகாக்கும் உடன்படிக்கையொன்றை நிறைவேற்றிற்று. மனைவியும் சிறு குழந்தைகளும் தொழிலாளியுடன் சேர்ந்து வாழ வழிசெய்ய வேண்டுமென்று அதன் 44-ஆம் பிரிவு கூறுகிறது. 2003-இல் அமுலுக்கு வந்த அவ்வுடன்படிக்கையை வளைகுடா நாடுகள் ஏற்கவில்லை. அவை ஏற்காதது வியப்பன்று. லட்சோபலட்சம் ஜனங்களை அனுப்பிக்கொண்டிருக்கும் இந்தியாவும் ஏற்காததுதான் வியப்பு. கடுமையாகப் பேசினால் வேலை வேறு தேசத்தாருக்குப் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பிலிப்பைன்ஸ் 1995-இலேயே அதை ஏற்றது; அந்நாட்டார் இன்றும் வளைகுடாவில் லட்சக்கணக்கில் வேலை செய்கிறார்கள். இலங்கையும் 1996-இல் ஏற்றது. அச்சத்துக்கு ஆதாரமெங்கே?

ஆகவே, மத்திய சர்க்கார் அவ்வுடன்படிக்கையில் தாமதமின்றிச் சேரவேண்டும். அது மட்டும் வளைகுடாவின் சட்டத்தை மாற்றிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் தான் கையெழுத்திடாத தர்மத்தைப் பிறரிடம் எவ்விதம் கேட்பது? தொழிலாளர் சம்பந்தமாகச் செய்துகொள்ளும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், எஜமானன் செலவில் ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பும் லீவும், குடும்பத்தார் சென்று பார்த்துவர விசாவும் நிபந்தனையாக வேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் ஜனவரி 12-ஆம் தேதியை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது, நல்ல காரியமே. அவ்விழாவின் மேடை வசதியுள்ளவர்களோடு நின்றுவிடாமல், பின்னே தங்கிய மனைவி மக்களின் குறை கேட்கத் தாலுகாதோறும் ஓர் உத்தியோகஸ்தரை நியமிப்பதே அதற்குப் பெருமை தரும்.

ஊர்தோறும் உழைக்கும் தேசபக்தர்கள் இவ்விஷயத்தைக் கையிலெடுக்க வேண்டும். அயல்நாட்டுப் பணம் வரும் வீடு என்று நாம் பொறாமையோடு பார்க்கும் வீடுகளில், தகப்பன் முகத்தைத் திரையில் மட்டுமே அறிந்த குழந்தைகள் இருக்கிறார்கள். ஆண்டவனுக்குக் கிடைத்தது உழைப்பவனுக்கும் கிடைக்கும் நாளே சுதந்திரம் பூரணமாகும் நாள்.