சொல்ல முடியாததைக் கை சொல்லட்டும்!

"இங்கு யாவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்."

ஊரை விட்டு வந்த தமிழன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் முதல் வரி இதுதான். இன்லண்டு கடிதம் போய் எஸ்.டி.டி. பூத் வந்தது. அதுவும் போய் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. வரி மட்டும் மாறவில்லை. "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா." "உடம்பு?" "நல்லா இருக்கு." இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மும்பையில் பத்துக்குப் பத்து கோலியில் நாலு பேரோடு படுத்து எழுகிறவன் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அப்பா காலமான செய்தி வருகிறது. லீவு எழுதிக் கொடுத்து, தட்கல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேரும்போது சுடுகாட்டுச் சாம்பல் ஆறிப்போயிருக்கிறது. காரியம் முடிந்து திரும்பி வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். பக்கத்து மேஜைக்காரர், "ஊரில் மழையா?" என்று கேட்கிறார். "நல்ல மழை" என்று பதில் சொல்கிறான். அந்த அழுகை எங்கே போயிற்று? சிலருக்கு அது பாட்டிலில் கரைகிறது. சிலருக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறது. சிலருக்கு உள்ளேயே கிடந்து உடம்பைத் தின்கிறது.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய வழி அல்ல. ஓர் அரசாங்கச் சிப்பந்தி அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

ரோடு இன்ஸ்பெக்டரின் ரகசியம்

அவர் பெயர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். பிறந்த கிராமம் பேரியான் கலான். 1947-ல் நாடு இரண்டானபோது அந்தக் கிராமம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அகதியாக இந்தப் பக்கம் வந்த அவருக்குப் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. இடம் சண்டிகர்.

அப்போது சண்டிகர் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த நகரம். வரைபடம் போட்டவர் உலகப் புகழ் பெற்ற லெ கார்புசியே. நேர்நேரான சாலைகள், எண் போட்ட செக்டார்கள், எல்லாம் கணக்கு. அந்தக் கணக்குக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த சட்டி பானை, ஓடு, வளையல் துண்டு, சைக்கிள் சட்டம் எல்லாம் குவிந்து கிடந்தன. பார்த்தவர்களுக்கு அது குப்பை. சொந்தக் கிராமத்தை இழந்து வந்த மனிதருக்கு அது வேறு ஏதோவாகத் தோன்றியிருக்க வேண்டும்.

1957-ல் அவர் ஆரம்பித்தார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. காடாகக் கிடந்த ஒதுக்குப்புறம். எதுவும் கட்டக் கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கி வைத்த நிலம். வேலை முடிந்த பிறகு சைக்கிளில் கல்லும் உடைசலும் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். புதர் வெட்டினார். பொம்மை செய்தார். ஒரு நாள் இரு நாள் அல்ல, ஏறத்தாழ 18 ஆண்டுகள்! வெகு சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது.

1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சுமார் 12 ஏக்கரில் ஒரு ராஜ்யமே உருவாகியிருந்தது. முற்றம் முற்றமாக ஆட்டக்காரிகள், வாத்தியக்காரர்கள், மிருகங்கள், பறவைகள். தாயார் சொன்ன ராஜா ராணிக் கதைகள்தாம் அவருக்கு மூலதனம். சிறு பிராயத்தில் மண்ணில் செய்து விளையாடிய பொம்மைகள்தாம் அவருக்குப் பள்ளிக்கூடம். சிற்பக் கல்லூரிக்கு அவர் போனதில்லை.

தொழில்முறையும் எளியதே. சைக்கிளின் சட்டமும் ஃபோர்க்கும் எலும்புக்கூடு. அதன் மேல் சிமெண்டு மணல் கலவை சதை. கடைசிப் பூச்சில் வளையல், பீங்கான், மொசைக் துண்டு, வார்ப்பாலைக் கசடு இவற்றைப் பதித்தால் தோல். கல், கண்ணாடி, இரும்பு, மண் எல்லாம் ஒரே உடம்பில் சேருகின்றன. இதைத்தான் கலப்பு ஊடகச் சிற்பம் என்று இன்று கலைக்கல்லூரிகளில் சொல்கிறார்கள்.

விதிப்புத்தகமும் மனிதரும்

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அவர் செய்தது சட்டப்படி ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளி அவர் மேல் நடவடிக்கை எடுத்திருந்தால் ஃபைலில் யாரும் குறை காண முடியாது. ஆனால் எம். எஸ். ரந்தாவா போன்ற கலை அறிந்த அதிகாரிகள் இருந்தார்கள். மக்களும் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். 1976-ல் அது பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. அதுதான் இன்றைய ராக் கார்டன். அதைச் செய்தவருக்குச் சம்பளத்தோடு பதவியும், உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுக்கப்பட்டார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. விதியை மட்டும் பார்த்திருந்தால் ஒரு மண்மேடுதான் மிஞ்சியிருக்கும். மேஜைக்குப் பின்னால் உட்காரும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் ஆபத்து அதோடு தீரவில்லை. 1980-களின் கடைசியில் சாலை போடுவதற்காகப் புல்டோசர் வந்தது. நகரவாசிகள் குறுக்கே நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. 2015-ல் தமது 90-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2025-ல்கூடச் சாலை வசதிக்காகவும் வண்டி நிறுத்துவதற்காகவும் மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இடிபாட்டிலிருந்து பிறந்த தோட்டத்துக்கே இடிப்பு! எளியவன் செய்ததை இடிப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இடம் பெயர்ந்தவர்களின் சிலை

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் பாங்குரா பகுதியில் எளிய நாவிதர் குடும்பத்தில் பிறந்த ராம்கிங்கர் பைஜ். சாந்திநிகேதனில் 1938-ல் அவர் செய்தது 'சாந்தால் குடும்பம்' என்ற சிலை. வெண்கலமும் இல்லை, சலவைக்கல்லும் இல்லை. சிமெண்டும் செம்மண் சரளையும்தான். காவடி போல் தோளில் தூக்கிய கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே ஒரு நாய். உள்ள சாமான்களோடு ஒரு குடும்பம் இடம் பெயர்ந்து நடக்கிறது. முகத்தில் அழுகை இல்லை. ஆனால் அந்த நடையைப் பார்த்தால் போதும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டாம்.

"நேரமேது? இடமேது?"

"வயிற்றுப்பாட்டுக்கே நேரமில்லை, இதில் சிலை ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நேக் சந்தும் டியூட்டி பார்த்துவிட்டுத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தில் போகும் நேரத்தில் பாதி போதும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. தாராவியில் வாழ்கிறவனிடம் போய்ப் பழைய பொருளின் அருமையைச் சொல்லித்தர வேண்டுமா? ஊர் முழுவதும் எறிந்ததைப் பொறுக்கித் தரம் பிரித்துக் காசாக்குகிறவர்கள் நம்மவர்கள். கும்பார்வாடாவில் உடைந்த பானை கிடைக்கும். தையல் பட்டறையில் துணித் துண்டு கிடைக்கும். அறுந்த செருப்பு வார், பழைய சாவி, காலாவதியான சீசன் டிக்கெட், பொத்தான், கம்பி எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.

முதல் முயற்சி ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். கம்பியை வளைத்து ஆள் வடிவம் செய்யுங்கள். மைதாப் பசையில் பழைய பேப்பரை நனைத்துச் சுற்றுங்கள். காய்ந்த பிறகு, மனத்தில் எது கனக்கிறதோ அதைச் சேர்ந்த பொருளைப் பதியுங்கள். அப்பாவின் சட்டைப் பொத்தானாக இருக்கலாம். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோன அந்தப் பயணத்தின் டிக்கெட்டாக இருக்கலாம். அழகாக வராவிட்டால் என்ன? பிறருக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. செய்தவனுக்குத் தெரிந்தால் போதும். சிமெண்டு எடுத்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். கண்ணாடித் துண்டின் விளிம்பைத் தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இது சர்வரோக நிவாரணி என்று யாரும் சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, உயிரே வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால் டாக்டரிடம்தான் போக வேண்டும். அதில் வெட்கம் கூடாது. ஆனால் அந்த அளவுக்குப் போகாமல் தினம் தினம் சுமக்கிற பாரம் இருக்கிறதே, அதை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல் வேண்டாமா? நம் ஊர்ப் பாதைகளில் முன்னோர் நட்டு வைத்தார்களே, அது போல.

சங்கங்கள் செய்ய வேண்டியது

இடம்தான் உண்மையான கஷ்டம். கோலியில் சமைக்கவே இடமில்லை, சிலை எங்கே வைப்பது? அதனால்தான் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றம் நடக்கட்டும், பாட்டுக் கச்சேரி நடக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் மண்டபத்தின் ஒரு மூலையைக் கொடுங்கள். நாலு பழைய பாய், ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பசை. தலைவர் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், போட்டி பரிசு அறவே வேண்டாம். பரிசு என்று வந்தால் மனம் மூடிக்கொள்ளும்.

பெண்களை விட்டுவிடக் கூடாது. ஆணுக்காவது டீக்கடை உண்டு. பாஷை தெரியாத சாலில் பகலெல்லாம் தனியே இருக்கும் பெண்ணுக்கு என்ன உண்டு? நவராத்திரிக்குக் கொலு வைத்த கைகளுக்கும், வாசலில் இடமில்லாமல் கோலத்தையே மறந்துபோன கைகளுக்கும் இது புதிதல்ல. பிள்ளைகள் குப்பையிலிருந்து எதையாவது பொறுக்கி வந்தால் உடனே அடிக்க ஓங்காதீர்கள். என்ன செய்கிறது என்று சற்றுப் பாருங்கள். தமிழில் பேச வராமல், மராத்தியிலும் மனம் விட்டுப் பேச முடியாமல் வளர்கிற பிள்ளை, கையால் ஏதோ சொல்ல வருகிறதோ என்னவோ!

பழையன கழிதல் என்று போகிக்குப் பழைய சாமானை எரிக்கிறோம். அடுத்த போகியில் தீ வைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து வையுங்கள். அதில் ஏதாவது ஒரு பொருள் உங்களிடம் பேசும். அதைக் கொண்டு ஒரு சின்ன உருவம் செய்து ஜன்னலோரம் வையுங்கள்.

பிறகு ஊருக்குப் போன் செய்யுங்கள். "நல்லா இருக்கேம்மா" என்று அப்போது சொல்வதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.